பதினான்கு அடி வேலி

இத்தாலியில், பலெர்மோவில் நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை எது என்று கேட்டால், இங்கிலாந்தில் நான் கண்ணால் காணாத ஒரு கிராமத்து வேதக்கோயிலின் சரித்திரத்தை டைப் அடித்ததுதான் என்பேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மனுசனே சிரித்தார்.

“வீடு துடைக்கப் போறன் எண்டு போன ஆள், அங்கை இருந்து சரித்திரமோ எழுதுறீர்?”

“ஓம், எழுதுறன். துடைச்சுப் போட்டுத்தான் எழுதுறன். உங்களுக்கு என்ன நட்டம்?”

அவர் அப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தார். கணவாய் கழுவுகிறவருக்குச் சரித்திரம் சிரிப்பாகத்தான் இருக்கும் என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். என் வாய் அப்படி. அடக்கி வைத்தால் எனக்குச் சாப்பாடு செமிக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அதற்கு முன் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஐந்து வீடுகளில் வேலை செய்திருந்தேன். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த ஐந்து வீட்டிலும் என் கைகளைத் தவிர என்னில் வேறொன்றும் தேவைப்படவில்லை. ஆறாவது வீடு வியா மக்வேதாவில் இருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் இருந்தது. அந்த வீட்டுக்காரி எழுபத்தெட்டு வயது ஆங்கிலேயப் பெண். இந்த ஊர் டொக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து, அவரை அடக்கம் செய்த பிறகும் ஊர் திரும்பாமல் தனியே இருந்தார். கண் மங்கிவிட்டது. சுவரும் கதிரையும் தெரியும், எழுத்துத் தெரியாது. எல்லா வீட்டுக்காரிகளையும் கூப்பிடுவதுபோல அவரையும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிட்டேன். நாங்கள் ஆங்கிலத்தில் கதைப்போம். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எங்கள் தமிழிலேயே கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி: “உமக்கு வாசிக்கத் தெரியுமோ?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “வாளி தூக்கிறவளுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு ஆர் சொன்னது? யாழ்ப்பாணத்திலை நொத்தாரிசு கந்தோரிலை பதினொரு வருஷம் காணி உறுதி டைப் அடிச்சனான். தமிழிலும் அடிப்பன், இங்கிலிசிலும் அடிப்பன்.”

வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கைகளால் தடவிக்கொண்டே உள்ளே போய், பெட்டியோடு ஒரு டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஏழு வருஷத்துக்குப் பிறகு என் விரல்கள் அந்த விசைகளில் பட்டபோது எனக்கு அழுகை வந்தது. கடவுள் அந்த மனுசிக்கு எல்லா நன்மையும் கொடுக்கட்டும் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். தென் இங்கிலாந்தில் அவர் பிறந்த கிராமத்துக் கோயிலுக்கு ஒரு சிறு புத்தகம் போட விரும்பினார்கள். அங்கே முன்பு குருவானவராக இருந்தவரின் மகள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கோயில் பொறுப்பாளர் அவரையே எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார். பழைய பதிவேடுகளின் போட்டோக் கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. சிஞ்ஞோரா ஒப்புக்கொண்டதற்குக் காரணம் பக்தியல்ல. அவருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டியிருந்தது. தன் தகப்பனுக்காக.

சிஞ்ஞோராவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கோயிலைச் சுற்றியிருந்த சேமக்காலைக்குள், கல்லறைகள் இருந்த வளவுக்குள், ஒருநாள் மாடுகள் புகுந்துவிட்டன. வடகிழக்கு மூலையில், யூ மரத்துக்குப் பக்கத்தில், வேலி விழுந்து கிடந்ததாம். மாடுகள் மேட்டுப் பண்ணைக்காரருடையவை. அவை மிதித்து உழக்கியது அந்தப் பண்ணைக்காரரின் தாயைப் புதைத்த புது மண்ணை. அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள்ளேயே எழுந்து நின்று குருவானவரைத் திட்டினார். ஊர் அவர் பக்கம் நின்றது. மூன்று மாதத்தில் குருவானவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்.

“மாடு அவன்ரை. வேலி விழுந்ததுக்கு அப்பா என்ன செய்வார்? அவர் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லேல்லை. அப்பிடியே செத்துப்போனார். அந்த ஊரிலை நான் பிறகு கால் வைக்கேல்லை. இந்தப் புத்தகத்திலை அப்பாவிலை பிழை இல்லை எண்டு எழுதிப்போட்டுத்தான் நான் கண்ணை மூடுவன்,” என்றார் சிஞ்ஞோரா.

ஆனால் வெறும் வாய்ப்பேச்சாக எழுத அவருக்கு விருப்பமில்லை. காகிதத்தில் ஆதாரம் வேண்டும். அந்தப் பெட்டிக்குள் எங்காவது இருக்கும் என்று நம்பினார். காலையில் வீட்டு வேலை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு வாசிப்பு என்று எங்கள் நாட்கள் போயின.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்தக் கோயிற்பற்று, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த ஊர், பிடித்துப்போயிற்று. கோபுரத்தில் மூன்று மணி, அதில் ஒன்று வெடித்த மணி. அந்த மணியை வார்த்தவனோடு ஊர்க்காரர் முப்பது வருஷம் வழக்காடியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அண்ணன்மார் என்று நினைத்தேன். இறந்தவரைக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் அங்கே சட்டம் இருந்ததாம், ஆட்டு மயிர் விலைபோகவேண்டுமே. ஒவ்வொரு சாவுக்கும் பக்கத்தில் “கம்பளிதான்” என்று யாரோ சத்தியம் செய்திருந்தார்கள். “செத்த பிறகும் வியாபாரமோ, கோதாரி!” என்று கத்திவிட்டேன்.

இன்னொரு கட்டுக் காகிதங்கள் வேறொரு கோயிற்பற்றில் இருந்து வந்த ஏழைகளைப் பற்றியவை. நீ எந்தக் கோயிற்பற்று ஆள் என்று எழுதிய கடிதம் கையில் இருந்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைக்கூட அனுப்பியிருக்கிறார்கள். அந்த மாதம்தான் நான் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் இரண்டு நாள் கால்கடுக்க நின்றிருந்தேன். “சிஞ்ஞோரா, உங்கடை சனம் தங்கடை சனத்துக்கே பெர்மெஸ்ஸோ கேட்டிருக்கு!” என்றேன். இதைப் புத்தகத்தில் நாலு வரி கூட்டி எழுதவேண்டும் என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். எழுதினோம்.

பெட்டியின் அடியில் ஒரு பழைய நோட்டுக் கொப்பியின் போட்டோப் பிரதி கிடந்தது. பண்ணைகளின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண்ணும் இருந்தன.

“அது நன்கொடை லிஸ்ட். அப்பாவின்ரை அலுமாரியிலை இருந்தது, எனக்கு ஞாபகம். தள்ளிவிடும்,” என்றார் சிஞ்ஞோரா.

நான் தள்ளவில்லை. ஒரு பெரிய பண்ணைக்கு எதிரே ஒன்பது என்றும், ஒரு சின்னக் குடிசைக்கு எதிரே பதினொன்றரை என்றும் இருந்தது. ஒரே பண்ணை இரண்டு இடத்தில் வந்தது. பெயர்களுக்கு நடுவே பொடி எழுத்தில் ஓர் இடத்தில் “படலை” என்றும், இன்னோர் இடத்தில் “கடவை” என்றும் எழுதியிருந்தது. படலை என்றால் வேலிக்கு நடுவே இருக்கும் வாசல் கதவு, கடவை என்றால் வேலியை ஏறிக் கடப்பதற்குப் போட்டு வைக்கும் மரப்படி.

“சிஞ்ஞோரா, நன்கொடை குடுக்கிற ஆக்களுக்கு நடுவிலை படலைக்கு என்ன வேலை? இது வேலிப்பங்கு!”

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வளவுக்கு நடுவே வேலி என்றால், எந்தக் கதியால் கம்பில் இருந்து எந்தக் கதியால் வரை யார் அடைப்பது என்று பேசி வைத்திருப்போம். அதில் ஒரு முழம் பிசகினால் இரண்டு தலைமுறைக்குக் கதை பேச்சு இராது. கோயிலைச் சுற்றியிருந்த வேலியை அந்த ஊர்ப் பண்ணைகளுக்கு அடி கணக்கில் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சேமக்காலையின் வரைபடம் ஒன்றும் பெட்டியில் இருந்தது. எண்களைக் கூட்டிப் பார்த்தேன், படத்தின் சுற்றளவோடு சரியாக வந்தது.

சிஞ்ஞோரா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். “அப்ப அந்த வடகிழக்கு மூலை ஆற்றை பங்கு? எண்ணும். எண்ணிச் சொல்லும்!”

படலை தெற்கே இருந்தது. படத்தின்மேல் தையல் நூலை வைத்து, அங்கிருந்து தொடங்கி அளந்துகொண்டு போனேன். மூலையில் யூ மரத்தடியில் நூல் வந்து நின்ற இடம் மேட்டுப் பண்ணையின் பங்கு. மாடும் அவருடையது, விழுந்த வேலியும் அவருடையது! வேலியே பயிரை மேய்ந்த கதைதான் என்று நான் துள்ளினேன். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடியே கையிரண்டையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். “அப்பா, அப்பா” என்று ஆங்கிலத்தில் சின்னப்பிள்ளைபோலச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அன்று பின்னேரமே சொல்லச் சொல்ல அடித்தேன். மேட்டுப் பண்ணைக்காரர் தன் பிழையைக் குருவானவர் தலையில் கட்டினார் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். மறுநாள் காலை நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.

பத்து நாள் கழித்து, தன் சிறுவயதைப் பற்றி ஒரு பந்தி சொல்லிக்கொண்டிருந்தார். “பின்னேரத்திலை கடவையிலை ஏறி வெளிப்பக்கம் திரும்பி இருந்து, அப்பா வயலாலை வாறாரோ எண்டு பாத்துக்கொண்டிருப்பன். சூரியன் நேரே முகத்திலை அடிக்கும்.”

என் விரல் நின்றுவிட்டது. வெளியே பார்த்திருந்தவருக்குப் பின்னேரச் சூரியன் முகத்தில் அடித்தால் கடவை மேற்கே. படத்தில் கடவை குறித்திருக்கவில்லை, ஆனால் நான் நூல் பிடித்த கணக்கின்படி அது கிழக்கே வரவேண்டும்.

எங்கே பிழைத்தேன் என்று உடனே தெரிந்தது. எங்கள் காணி உறுதிப் பத்திரங்களில் எல்லை சொல்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. பதினொரு வருஷம் அந்த ஒழுங்கிலேயே அடித்து அடித்து, காணியைச் சுற்ற வேறு வழி இருக்கிறது என்பதே என் புத்தியில் இல்லை. படலையில் தொடங்கி, கேள்வி கேட்காமல் கிழக்கே திரும்பிவிட்டேன். அந்த ஊர்க்காரர் மேற்கே திரும்பி, பிறகு வடக்கு, பிறகு கிழக்கு என்று சுற்றியிருக்கிறார்கள். சிஞ்ஞோரா கட்டிலில் சரிந்த பிறகு நூலை எடுத்து அந்தப் பக்கமாக அளந்தேன். கடவை சரியாக மேற்கே விழுந்தது. வடகிழக்கு மூலையில் யூ மரத்தடியில் விழுந்த வரி: குருமனை, பதினான்கு.

குருமனை என்றால் குருவானவர் வீடு. விழுந்த வேலி அவருடைய பங்கு.

வீட்டுக்கு வந்து மனுசனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இஞ்சேரும், வாயை மூடிக்கொண்டு இரும். எழுபத்தெட்டு வயசு மனுசி. தேப்பன் நல்லவர் எண்டு நம்பிக்கொண்டு நிம்மதியாச் சாகட்டும். உமக்கும் வேலை போகாது. வேலை இல்லாட்டி அடுத்த முறை பெர்மெஸ்ஸோவுக்கு எந்தக் கடிதத்தைக் காட்டப்போறீர்?”

“அங்கை ஒரு குடும்பத்தை நான் கள்ளர் ஆக்கிப்போட்டனப்பா.”

“செத்த ஆள்தானே.”

“பேரப்பிள்ளையள் இருப்பினம்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். மூன்று நாள் அந்த வீட்டில் நிலத்தைத் தேய்த்தேன், தேய்த்த இடத்தையே திரும்பவும் தேய்த்தேன். நாலாம் நாள் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன்.

“சிஞ்ஞோரா, நான் பெரிய பிழை விட்டுட்டன்.”

அவருக்குப் படம் தெரியாது. அதனால் அவர் கையைப் பிடித்து மேசை விளிம்பில் வைத்தேன். “இந்த மேசையைச் சேமக்காலை எண்டு வையுங்கோ. நீங்கள் இருக்கிற இடம் தெற்கு, படலை. போன முறை நான் உங்கடை வலப்பக்கத்தாலை போனன். எங்கடை உறுதி அப்பிடித்தான் போகும். ஆனா உங்கடை சனம் இடப்பக்கத்தாலை போயிருக்கு.” அவர் கையை இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு பங்காகச் சொன்னேன். மேற்கே வந்ததும் கடவை என்றேன். “ஓம், ஓம், அங்கைதான்,” என்றார். அவருக்கு எட்டாத இடத்துக்கு எழுந்து நடந்தார். மேசையின் வடகிழக்கு மூலையில் கை வந்து நின்றது.

“இது ஆற்றை?”

“குருமனை. பதினாலு அடி.”

கை அந்த மூலையிலேயே இருந்தது. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்துவிட்டது. “இண்டைக்குப் போம்,” என்றார்.

அடுத்த இரண்டு நாளும் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. என் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் போனபோது டைப்ரைட்டர் திறந்தபடி மேசையில் இருந்தது.

“அந்தக் கொப்பி அப்பாவின்ரை அலுமாரியிலைதான் இருந்தது,” என்றார். “அவருக்குத் தெரியும். அதுதான் அவர் ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லை. வீட்டிலை கத்தினது அம்மா. நான் அம்மாவின்ரை கோவத்தை என்ரை கோவம் எண்டு இவ்வளவு காலமும் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.” பிறகு டைப்ரைட்டரைத் தடவிப் பார்த்து, “நீர் சொல்லாமல் விட்டிருக்கலாம்,” என்றார்.

“விட்டிருக்கலாம். ஆனா எல்லை பிழைச்சா உறுதியைக் கிழிச்சுப்போட்டுத் திருப்பி அடிக்கிறதுதான் எங்கடை முறை.”

“அதுக்குத்தான் உமக்கு நன்றி சொல்லவேணும்,” என்றார். அந்தச் சொல்லுக்கு நான் தகுதியா என்று எனக்குத் தெரியாது. முதல் முறையே சரியாக எண்ணியிருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை.

அந்தக் கரைச்சல் இன்னும் முடிந்திருக்கவில்லை. கோயில் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். புத்தகம் அச்சுக்குப் போகவில்லை. ஆனால் அவர் மரியாதைக்காக அந்தப் பக்கத்தை மேட்டுப் பண்ணையில் இப்போது இருப்பவரிடம், அந்தப் பண்ணைக்காரரின் பேரனிடம், கொண்டுபோய்க் காட்டிவிட்டார். பேரன் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாராம்.

சிஞ்ஞோரா என்னை உடனே மெஷினுக்கு முன்னால் இருத்தினார். புதிய பக்கத்தைச் சொல்லச் சொல்ல அடித்தேன். வடகிழக்கு மூலையில் விழுந்து கிடந்த பதினான்கு அடி குருமனையின் பங்கு, அதை என் தகப்பன் அடைக்கவில்லை, மேட்டுப் பண்ணைக்காரர் கோபப்பட்டது நியாயம். ஒரு மகளின் வாயில் இருந்து அந்த மூன்று விஷயமும் வருவதற்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. அதோடு பேரனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதினார். எண்ணியதில் பிழைவிட்டது நான்தான் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். கேட்கவில்லை. “பிழையான பக்கத்தைச் சொன்னது நான். நீர் அடிச்சது மாத்திரம்தான்,” என்றார். எந்த வீட்டில் எந்தச் சிஞ்ஞோரா இப்படிச் சொல்வார்?

மூன்று வாரம் பதில் இல்லை. ஒவ்வொரு காலையும் நான் படியேறி உள்ளே வந்ததும் அவர் முகம் என் கைப்பக்கம் திரும்பும். நான் “இல்லை” என்பேன். சாப்பாடு குறைந்துவிட்டது. அந்த மனுசன் பதில் போடமாட்டான், நானென்றாலும் போடமாட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கோடு போட்ட காகிதத்தில், பெரிய கையெழுத்தில், இரண்டு பக்கம். மேல்கோட்டுகூடக் கழற்றாமல் நின்று வாசித்தேன்.

நீங்கள் முதலில் எழுதிய பக்கத்தை வாசித்தபோது கோபம் வந்தது, திருத்திய பக்கமும் கடிதமும் வந்தபோது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும் என்று தொடங்கியிருந்தார். அந்த மூலை குருமனையின் பங்கு என்பது எங்கள் வீட்டில் எப்போதும் தெரிந்த விஷயம். நீங்கள் ஊரைவிட்டுப் போன அந்த வாரமே தாத்தா அதை அடைத்தார். கோயிலில் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குருவானவர் திரும்பி வரும்வரைக்கும் நாங்கள் அடைப்போம் என்று என் தகப்பனிடம் சொன்னார். பிறகு வந்த குருவானவர்கள் யாருக்கும் இந்தப் பங்கு பற்றித் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. தகப்பன் அடைத்தார். இப்போது நான் அடைக்கிறேன். இந்த வசந்தத்தில் மூன்று கட்டை மாற்றினேன். உங்கள் பதினான்கு அடியும் நன்றாக இருக்கிறது.

கடைசி வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். சிஞ்ஞோரா வாயில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

“எங்கடை வேலியை அவை அடைச்சிருக்கினம்,” என்றார். “நான் அவையோடை கோவமா இருந்த அவ்வளவு வருஷமும்.”

திரும்பவும் வாசிக்கச் சொன்னார். திரும்பவும் வாசித்தேன். மூன்றாம் தரம் பாடமாகிவிட்டது. பிறகு புதிய பக்கத்தை மெஷினில் ஏற்றச் சொல்லி, அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அந்தப் பதினான்கு அடியை அன்று தொடக்கம் மேட்டுப் பண்ணையார் அடைத்து வருகிறார்கள். அடித்தேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

“சரித்திரப் புத்தகத்திலை ‘நன்றி’ எண்டு ஒரு சொல் வரலாமோ?”

“எனக்குத் தெரியாது, சிஞ்ஞோரா. காணி உறுதியிலை வராது.”

“அப்ப இதிலை வரட்டும். அடியும்.”

அடித்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். மேல்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தேன். கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அவர் பொறுத்திருந்தார்.